கும்பிடு போடாத அக்கா

அக்காவுக்கு இரண்டு கைகள் இருந்தன. எங்கள் சந்தில் எல்லோரும் அவற்றைத் தனித்தனியாகப் பார்த்திருக்கிறோம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து பார்த்தவர் யாருமில்லை. ஆடி மாதம் பூனாவில் கட்கி மாரியம்மன் கோயிலில் தீபாராதனை காட்டும்போது கூட்டம் முழுக்கக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும். அக்கா ஒரு கையில் தேங்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கன்னத்தில் லேசாகத் தட்டிக்கொள்வார். "இன்னாக்கா, சாமிக்குமா?" என்று ஒருமுறை கேட்டேன். "என் மேல கோவம்னா அவளே சொல்லுவா. நீ எதுக்கு நடுவுல வர்ற?" என்றார்.

கட்கி பஜாரில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு தார்ப்பாயை விரித்து அக்கா கருவாடு விற்றார். நெத்திலி, வாளை, துண்டு போட்ட சுறா. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்களும் கன்டோன்மென்டில் இருந்த மலையாளிகளும்தான் பெரும்பாலும் வாங்குவார்கள். அவருடைய வியாபாரத்தில் ஒரே ஒரு சட்டம் உண்டு. "கொசுறு கேட்டா குடுப்பேன். கெஞ்சுனா குடுக்க மாட்டேன்."

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்மணி பையை நீட்டி, "ஏதோ ஏழைபாழைங்க, பாத்துப் போடுங்கக்கா" என்றார். போடப்போன நெத்திலியை அக்கா குவியலிலேயே திருப்பிப் போட்டுவிட்டு, "வெலய கொறச்சுக் கேளு, கொறைக்கறேன். ஏழைன்னு எங்கிட்ட சொல்லாத" என்றார். அடுத்து வந்த ஆள், "இன்னாக்கா இது, இன்னும் ஒரு பிடி போடு" என்று அதட்டலாகக் கேட்டான். அக்கா சந்தோஷமாக இரண்டு பிடி போட்டார்.

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. காரணம், நான் கெஞ்சுவதில் கைதேர்ந்தவன். தாபோடியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசரிடம் லீவுக்கு, ரேஷன் கடைக்காரரிடம் மண்ணெண்ணெய்க்கு, பஸ் கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறைக்கு என்று என் நாள் முழுவதும் கெஞ்சலிலேயே போகும். குரலைக் கொஞ்சம் இறக்கி, கழுத்தைச் சாய்த்து, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பேன். எனக்குச் சேரவேண்டிய சில்லறையைக்கூட அப்படித்தான் வாங்கினேன். அந்தப் பழக்கத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, காரியம் நடந்தது.

நாங்கள் இருந்தது போபோடியில், முளா ஆற்றங்கரைச் சந்து ஒன்றில். ஒரு வரிசையில் வேலூர், குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த எங்கள் குடும்பங்கள். எதிர் வரிசையில் மராத்திக் குடும்பங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் சந்துக்கு மாநகராட்சிக் குழாய் வந்தது. அதுவரை மும்பை ரோட்டைத் தாண்டிப்போய்க் குடம் தூக்கியவர்கள் நாங்கள். எங்கள் வார்டு கவுன்சிலர், மராத்தியில் நகர்சேவக் என்பார்கள், அவரே திறந்துவைக்க வந்தார். சந்தில் மூத்தவரான பழனி அண்ணன் ஆளுயர மாலை வாங்கி வந்து போட்டார். போட்டதோடு விடாமல் காலைத் தொடவும் குனிந்தார்.

அக்கா குடத்தை வைத்துப் பிடித்தார். ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு நகர்சேவக்கைப் பார்த்து, "சாஹேப், பாணி அச்சா ஹை. அந்தக் கடைசிக்குக் கப் ஆயேகா?" என்று கேட்டார். தண்ணீர் நன்றாக இருக்கிறது, கடைசிக்கு எப்போது வரும்? சந்தின் கடைசி வீடுகளுக்குக் குழாய் போடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மாதம் என்றார். ஒரு வருடம் ஆயிற்று. அந்த வருடம் முழுக்க அவர் பஜார் பக்கம் வரும்போதெல்லாம், மணி என்ன என்று கேட்பது போல, கோபமுமில்லாமல் குழைவுமில்லாமல் அக்கா அதே கேள்வியைக் கேட்டார். கடைசியில் குழாய் வந்தது.

"ஒரு நன்றியாச்சும் சொல்லியிருக்கலாம்" என்று பழனி அண்ணன் குறைப்பட்டுக்கொண்டார்.

"கார்ப்பரேஷன் நம்முது, குழாயும் நம்முது. உன் ஊட்டு அடுப்பு எரிஞ்சா அதுக்கு மாலை போடுவியாண்ணா?" என்றார் அக்கா.

சொல்லும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் குணத்தால் நஷ்டமும் வந்தது. அக்காவுக்கு ஒரே மகள். அவளைக் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்க்கப் போனார்கள். தலைமையாசிரியை, இடம் குறைவு, பார்க்கலாம் என்றாராம். கூட வந்த பெற்றோர்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அக்கா, "எடம் கீதா, இல்லியா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்று மறுபடியும் பதில் வந்தது. "பாக்கறதுன்னா இன்னா? கீதா, இல்லியா?" இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கா மகள் கையைப் பிடித்துக்கொண்டு நேராக மாநகராட்சி மராத்திப் பள்ளிக்குப் போய் அன்றைக்கே சேர்த்துவிட்டார்.

என் மனைவி சரசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொஞ்சம் பணிவாப் பேசியிருந்தா அந்தப் பொண்ணு இங்கிலீஷ் படிச்சிருக்கும். இந்தக்கா தன் வாயால கெடுத்துட்டாங்க" என்றாள். அக்காவின் கணவர், பேசுவதையே வீண்செலவாக நினைக்கிற மனிதர், சில நாள் மனைவிக்கு முகம் கொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் சரசு சொன்னதுதான் சரியென்று பட்டது. தன் கைக்காகப் பெண்ணின் படிப்பை விட்டுக்கொடுக்கலாமா என்று நினைத்தேன்.

பிறகு ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. காலையும் மாலையும் மும்பை ரோட்டில் கம்பெனி வண்டிகள் வரிசைகட்டிப் போயின. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஔந்திலும் சாங்வியிலும் கேட்ட வாடகையைக் கொடுத்துக் குடியேறினார்கள். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் பில்டர்களின் போர்டுகள் முளைத்தன. எங்களுக்குத் தெரிந்த ஒற்றை அறை வீடுகளின் வாடகையெல்லாம் எட்டாத உயரத்துக்குப் போயிற்று.

ஒரு கோயம்புத்தூர்ப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவிடம் நெத்திலி வாங்க வருவான். வீட்டுக்காரர் வாடகையை ஏத்தறாருங்க என்று ஒருநாள் புலம்பினான். "போயி, ஏத்தாதன்னு கேளு" என்றார் அக்கா. அடுத்த வாரம் வந்து, "கேட்டேனுங்க. காலி பண்ணச் சொல்லிட்டாருங்க" என்றான். அக்கா தராசை நிறுத்தி அவனை ஒரு நிமிடம் பார்த்தார். "போவட்டும், கேட்டியே" என்று சொல்லி, அவன் கேட்காமலேயே ஒரு பிடி அதிகமாகப் போட்டார். இருந்த வீடு போனதற்கு ஒரு பிடி நெத்திலி. அந்தப் பையன் சிரித்துக்கொண்டேதான் வாங்கிப்போனான். கணக்குப் போட்டுப் பார்த்தது நான்தான். கம்பெனி வண்டியில் போகிறவனுக்கே இந்தக் கதி என்றால் லேத் ஓட்டுகிறவன் எங்கே போவான்?

போகவேண்டிய நிலைமை வந்தே விட்டது. மழைக்காலத்தில் ஆறு எங்கள் வாசலுக்கு வருவது வழக்கம். கரையோர வீடுகளை எடுத்துவிட்டு, பக்கத்து மைதானத்தில் மாடிக் கட்டடம் கட்டி, இருந்த வீட்டுக்கு ஒரு வீடு கொடுப்பது என்று மாநகராட்சி முடிவு செய்தது. மார்கழியில் ஆட்கள் வந்து வீடு வீடாகச் சிவப்பு ஆயில் பெயிண்டில் நம்பர் எழுதினார்கள். நம்பர் இருந்தால் கட்டடத்தில் வீடு. இல்லாவிட்டால் கட்டடமும் இல்லை, ஆற்றங்கரையும் இல்லை. சிமெண்டுத் தரையும் சொந்தக் கக்கூசும் வரப்போகிறது என்று சந்தே மிதந்தது.

அடுத்து நடந்த கூத்து எங்களைப் போன்றவர்களுக்குத்தான் நடக்கும். மராத்திக்காரர்கள் தீபாவளிக்கு முன்பே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். எங்களுக்குப் பொங்கலுக்குத்தான். பக்கா வீடு வருகிற சந்தோஷத்தில் அந்த வருடம் இரண்டு கோட்டாக அடித்தோம். நிலைக்கு மேலே சிவப்பில் கிறுக்கி வைத்திருக்கிறானே, பொங்கலும் அதுவுமாக நன்றாகவா இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். அதன் மேலும் அடித்தோம். நம்பர்தான் போட்டாயிற்றே, இனிமேல் அது எதற்கு என்று நினைத்தோம். முதலில் ஒரு கூட்டம் வந்து நம்பர் மட்டும் போடும், பின்னால் வேறொரு கூட்டம் வந்து நம்பரைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொள்ளும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அக்காவின் கதை இதைவிட மோசம். அவர் வீட்டில் நம்பரை மரக்கதவின் மேலேயே எழுதியிருந்தார்கள். போன வெள்ளத்தில் அந்தக் கதவின் அடிப்பலகை உளுத்துப் போயிருந்தது. பழைய சாமான் விற்கிற ஜூனா பஜாரிலிருந்து ஒரு தகரக் கதவை வாங்கிவந்து மாட்டிவிட்டு, பழைய கதவைப் போகியன்று நெருப்பில் போட்டுவிட்டார். அது கொழுந்துவிட்டு எரிந்ததில் நாங்களும் நின்று குளிர் காய்ந்தோம்.

பொங்கல் முடிந்து இரண்டாவது கூட்டம் வந்தது. எதிர் வரிசையில் பெயர் எழுதிக்கொண்டே வந்தவர்கள் எங்கள் வரிசையைப் பார்த்ததும் நின்றார்கள். பளிச்சென்று வெள்ளை வெளேரென்று இருந்த வீடுகளைக் காட்டி, "யே சப் நயா ஹை" என்றார் அவர்களோடு வந்த அதிகாரி. எல்லாம் புதுசு, நம்பர் போட்ட பிறகு வீட்டு ஆசையில் திடீரென்று எழுப்பிய குடிசைகள் என்று அவர் நினைத்துவிட்டார். நாங்கள் சொன்னது எதையும் காதில் வாங்கவில்லை. ஒரு பெயரும் எழுதாமல் போய்விட்டார்கள்.

பழனி அண்ணன் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து தன் வீட்டு நிலைக்கு மேலே சுரண்ட ஆரம்பித்தார். அக்கா ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ சொரண்டிக் காட்டுனா, நீயே எழுதிக்கினேன்னு சொல்லுவான். அவன் போட்ட நம்பரு. அவனே வந்து சொரண்டட்டும்."

அன்று சாயங்காலம் சந்தில் கூடிப் பேசினோம். நகர்சேவக் வீட்டுக்குச் சால்வை, பழத்தட்டோடு போவது, பெரியவர்கள் காலில் விழுவது, பெண்கள் அழுவது என்று ஆண்கள் திட்டம் போட்டார்கள். அழுவதற்கு முதல் ஆளாகச் சரசுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்கு அதில் திறமை உண்டு. நானும் சரியென்று தலையாட்டினேன்.

"நாம இன்னா திருடுனோமா?" என்றார் அக்கா. "நம்ம ஊட்டுக்கு நாம சுண்ணாம்பு அடிச்சோம். வந்து பாருன்னு சொல்லணும். அவ்ளோதான்."

பழனி அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க நம்பராச்சும் செவுத்துல கீது. உன்னுது சாம்பலாப் பூச்சு. எங்கள விட நீதான் மொதல்ல போயி அவரு கால்ல உழணும்."

"உழுந்து வாங்குனா, நாளிக்கு அவரு போன்னு சொன்னா போவணும்ணா" என்றார் அக்கா. "நம்முதுன்னு கேட்டு வாங்குனா யாரு போவச் சொல்லுவாங்க?"

ஒப்புக்கொண்டு விட்டோம் என்று சொல்ல முடியாது. சால்வை வாங்கக் காசு திரட்ட யாரும் முன்வராததால் அன்றைக்குக் கலைந்தோம்.

மறுநாள் அக்கா வார்டு ஆபீசுக்குக் கிளம்பினார். துணைக்கு நான் போனேன். அதே அதிகாரிதான் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததுமே என் கைகள் தாமாக மேலே எழும்பின. அக்கா என் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டி, "கையக் கீழ போடு" என்றார் தமிழில். பிறகு இந்தியும் மராத்தியும் கலந்து நடந்ததைச் சொன்னார். சுண்ணாம்புக்கு அடியில் நம்பர் இருக்கிறது, ஆளை அனுப்பிச் சுரண்டிப் பாருங்கள்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இது உங்கள் விநந்தியா, அதாவது வேண்டுகோளா என்று கேட்டார். அப்படியென்றால் முறையாக வேண்டிக் கேளுங்கள், யோசிக்கிறேன் என்றார்.

"விநந்தி நாஹி, சாஹேப். மாஹிதி" என்றார் அக்கா. வேண்டுகோள் இல்லை, தகவல்.

அதிகாரியின் முகம் சுருங்கிப்போயிற்று. தகவல் கிடைத்தது, போகலாம் என்றார். நான் அக்காவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் சரசு காத்துக்கொண்டிருந்தாள். "போய்க் காரியத்த முடிச்சிட்டு வருவேன்னு பாத்தா, அந்தக்கா கூடச் சேந்துக்குனு இருந்ததையும் கெடுத்துட்டு வந்துட்டியா? போ, ரெண்டு பேரும் ஆத்துக்குள்ள ஊடு கட்டிக்கோங்க" என்றாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு அறை தேடிப் போனேன். தாபோடியில் ஜன்னலே இல்லாத ஒரு அறையைக் காட்டிய வீட்டுக்காரர், எங்கே வேலை என்று விசாரித்தார். சொன்னேன். டெபாசிட் எவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். திரும்பி வரும்போது அக்காவின் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு கையையும் ஒரே ஒரு தடவை சேர்த்திருந்தால் என்ன தேய்ந்தா போயிருக்கும்?

வழியைக் காட்டியது அந்த மராத்திப் பள்ளியில் படித்த மகள்தான். அப்போது அவள் காலேஜில் சேர்ந்திருந்தாள். வார்டு ஆபீஸ் ஹாலில் அந்தப் பகுதி நகர்சேவக்குகள் எல்லோரும் கூடுகிற கூட்டம் மாதாமாதம் நடக்கும், ஜனங்களும் போய்ப் பின்னால் உட்காரலாம், தலைவர் அனுமதித்தால் பேசலாம் என்று தெரிந்துகொண்டு வந்தாள். அம்மா பேசவேண்டியதைச் சுத்தமான மராத்தியில் சொல்லிக் கொடுத்தாள். அது "க்ருபயா", அதாவது தயவுசெய்து என்று தொடங்கியது. அக்கா அந்த வார்த்தையை மட்டும் எடுக்கச் சொன்னார். மரியாதைக்காகச் சொல்வதம்மா என்று மகள் வாதாடிப் பார்த்தாள். "மரியாதைக்குத்தான் சாஹேப்னு சொல்றனே, அது போதும்" என்று முடித்துவிட்டார்.

கூட்டத்துக்குச் சந்தே போனது. சரசுவும் வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். உள்ளே நுழைவதற்கு முன் அக்கா எங்கள் எல்லோரையும் நிறுத்தி, "உள்ள யாரும் கும்புடு போடக் கூடாது, அழக் கூடாது. நான் சொல்லும்போது கூட நில்லுங்க, போதும்" என்றார். தலைவர் நாற்காலியில் ஒரு பெண் நகர்சேவக் இருந்தார், பக்கத்தில் அதே அதிகாரி. அக்காவின் முறை வந்தது. எழுந்து நின்றார். நாங்களும் எழுந்தோம்.

"சாஹேப், தும்சா நம்பர் ஆம்ச்யா பிந்தீத் ஆஹே. யேவூன் பகா."

உங்கள் நம்பர் எங்கள் சுவருக்குள் இருக்கிறது, வந்து பாருங்கள். அவ்வளவுதான் பேச்சு. சொல்லிவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

அதிகாரி எழுந்து, அவை புதுக் குடிசைகள், பாருங்கள் எப்படிப் புதுசாக வெள்ளையடித்திருக்கிறார்கள் என்றார். அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எதிர் வரிசையில் இருந்த தாயி, எங்கள் சந்தின் மராத்திக்காரப் பெரியம்மா. அவர் வீட்டுப் பெயர் ஏற்கெனவே எழுதியாயிற்று, அவர் வந்திருக்கவே வேண்டியதில்லை. நமக்குத் தீபாவளி எப்படியோ அப்படி இவர்களுக்குச் சங்கராந்தி, வருடா வருடம் இந்த நாளில்தான் சுண்ணாம்பு அடிப்பார்கள், அடித்துவிட்டு வெல்லச்சோறு கொடுத்தனுப்புவார்கள், இத்தனை வருடமாக நான் தின்றுகொண்டிருக்கிறேன் என்றார். ஹாலில் சிரிப்பு எழுந்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே அதிகாரியைப் பார்த்து, அந்தம்மா போய்ப் பார்க்கத்தானே சொல்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

அதிகாரி வந்தார். நம்பர் எழுதிய தொழிலாளியையே சுண்ணாம்பு சுரண்டுகிற பட்டித்தகட்டோடு கூட்டிக்கொண்டு வந்தார். புகார் சொன்னவர் வீட்டில்தானே தொடங்கவேண்டும், உங்கள் வீடு எது என்று நேராக அக்காவிடம் கேட்டார்.

"என்னுது கடைசில பாக்கலாம். அங்கேருந்து ஆரம்பிங்க" என்று அக்கா சந்தின் மூலையைக் காட்டினார்.

பழனி அண்ணன் வீட்டில் தகடு பட்டதும் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் சிவப்பு தெரிந்தது. அந்தத் தொழிலாளியே, ஆமாம் என் கையெழுத்துத்தான் என்றார். வீடு வீடாக வந்தார்கள். எங்கள் வீட்டு நிலைக்கு மேலே நாற்பத்தொன்று என்று நம்பர் வெளிவந்தபோது என் கண் கலங்கிவிட்டது. என் பெயரைக்கூட நான் அவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை. அதிகாரி என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். எங்கள் பக்கத்து வீடு அக்காவுடையது. அதைத் தாண்டிப்போய் அடுத்ததையும் மற்றதையும் முடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

தகரக் கதவுக்கு முன்னால் நின்று, எங்கே சுரண்டவேண்டும் என்று தொழிலாளி கேட்டார்.

"இங்க இல்ல. மரக்கதவுல இருந்துச்சு. போகிக்கு எரிச்சிட்டேன்" என்று அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னார்.

அதிகாரி பேனாவை மூடினார். எரிந்துபோனதற்கு நான் என்ன செய்ய முடியும், சரி, கேட்டுக்கொண்டால் அனுதாபத்தோடு பரிசீலிக்கிறேன் என்றார். சொல்லிவிட்டு அக்காவின் கைகளைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அன்று வெயிலில் எல்லா வீட்டையும் ஏறி இறங்கிப் பார்த்தவர். கொடுக்கவும் மனசு இருந்தது, ஆனால் அதற்கு ஒரு கும்பிடு வேண்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் அந்தக் கைகளையே பார்த்தோம். கணவரும் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். மகளும் அக்காவும்தான். இந்த வீடு போனால் பூனாவில் எந்த மூலையிலும் அவரால் வாடகை கொடுக்க முடியாது. அக்காவின் முகத்தில் பயம் இருந்தது. நான் அதை முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன். விரல்கள் புடவை ஓரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தன. ஆனால் கைகள் சேரவில்லை. சேர்த்துவிடக் கூடாதே என்று நானும் மனசுக்குள் தவித்தேன். இத்தனை நாள் இல்லாத எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"சாஹேப்."

குரல் சரசுவுடையது. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள். "எங்க ஊடு இக்தாலீஸ். அந்தாண்ட ஊடு தேத்தாலீஸ். ரெண்டும் உங்க ஆளு எழுதுனது, இப்பதான் சொரண்டிப் பாத்தீங்க. பீச் மே பயாலீஸ் கிதர் ஹை?"

நாற்பத்தொன்று இந்தப் பக்கம், நாற்பத்து மூன்று அந்தப் பக்கம். நடுவில் இருந்த நாற்பத்திரண்டு எங்கே?

அதிகாரி எங்கள் நிலையைப் பார்த்தார். அந்தப் பக்கத்து நிலையைப் பார்த்தார். தொழிலாளி, நான் நடுவில் எதையும் விட்டுவிட்டுப் போடவில்லை சாஹேப் என்றார். பழனி அண்ணன், "பயாலீஸ் இதுதான் சாஹேப். எழுதிக்கோங்க" என்றார். அவர் கையும் கீழேதான் இருந்தது. சந்து முழுக்க அப்படித்தான் நின்றோம். எங்களை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. அதிகாரி பேனாவைத் திறந்து அக்காவின் பெயரைக் கேட்டார்.

கட்டடம் எழும்பச் சில வருடங்கள் பிடித்தன. அதற்கும் அக்கா மாதம் தவறாமல் கூட்டத்துக்குப் போய், எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கூடவே சரசுவும் போக ஆரம்பித்தாள். லிஃப்ட் நின்றாலும் தண்ணீர் வராவிட்டாலும் இப்போது எங்கள் கட்டடத்துக்காக வார்டு ஆபீசுக்குப் போகிறவள் அவள்தான். அவள் கிளம்பும்போது நான் கூடப் போவதில்லை. எனக்கு அந்த அளவுக்குத் துணிச்சல் இன்னும் வரவில்லை.

அதிகாரி போன அந்தச் சாயங்காலம், அக்கா வாசலில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டார். நான் பக்கத்தில் போய்க் கேட்டேன். "மொதல்ல உன் ஊட்டுக்குத்தானேக்கா வந்தாரு. எதுக்குக் கடைசின்னு சொன்ன?"

"என் ஊட்டுல ஒண்ணும் இல்லன்னு பாத்திருந்தா, எல்லாம் இப்டித்தான்னு அங்கியே திரும்பிப் பூட்டிருப்பாரு. உங்களுதெல்லாம் இன்னா ஆவும்?"

"சரி, உனக்குக் கெடைக்காமப் போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

அக்கா இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தார். "உன் ஊட்டாண்ட வந்து, எங்க ரெண்டு பேருக்கும் எடம் குடுன்னு கேட்டிருப்பேன்."

குடுப்பியா மாட்டியா என்று அவர் கேட்கவே இல்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.